பழைய செயின்சா ஸ்டார்ட் ஆகிவிட்டது, சரி. சங்கிலி நிற்கிறதா?

சில மாதங்களுக்கு முன் ஒருவர் பழைய செயின்சா, அதாவது மரம் அறுக்கும் இன்ஜின் ரம்பம், ஒன்றைத் துணியில் சுற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 1960களின் மாடல். மூன்று வருடமாக ஓய்வு நேரத்தில் அவரே பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டியது. ஸ்க்ரூ தலைகள்கூட மின்னின. மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் மனசு நிறைந்தது. ஆனால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சங்கிலி மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தது. காட்டினேன்.

"கொஞ்சம்தானே ஓடுது அண்ணே. அறுக்கும்போது எப்படியும் ஓடத்தானே போகுது" என்றார்.

சிறு இன்ஜின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பழைய ரம்பங்களை உயிர்ப்பிப்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் அசந்துவிடுகிறார்கள். இன்ஜினுக்கு எவ்வளவோ பாடுபடுகிறார்கள். அந்த ரம்பத்தை எது நிறுத்தும் என்று யோசிப்பதில்லை.

இன்று கடையில் வாங்கும் ரம்பத்தில் முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்கும். அதை முன்னால் தள்ளினால் கண்ணிமைக்கும் நேரத்தில் சங்கிலி நின்றுவிடும். அந்த செயின் பிரேக் 1970களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முந்திய ரம்பங்கள் பலவற்றில் கைத்தடுப்பே இல்லை. அறுந்த சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி இல்லை. ஆக்சிலேட்டர் தானாக அமுங்காமல் காக்கும் பூட்டும் இல்லை. 1959இல் ஜெர்மனியின் ஸ்டில் கம்பெனி கொண்டுவந்த கான்ட்ரா ரம்பம் அந்தக் காலத்தின் அற்புதம்: சுமார் 12 கிலோ எடை, 6 குதிரைத்திறன், கியர் இல்லாமல் நேரடி ஓட்டம். அதிலும் செயின் பிரேக் கிடையாது.

அப்படியானால் ஆக்சிலேட்டரை விட்டதும் சங்கிலியை நிறுத்துவது எது? கிளட்ச் ஸ்பிரிங். கிளட்ச்சுக்குள் இரண்டு மூன்று கட்டைகள் இருக்கும். வேகம் கூடும்போது அவை வெளிப்பக்கம் விரிந்து, சங்கிலியை ஓட்டும் டிரம்மைப் பிடிக்கும், சங்கிலி ஓடும். வேகம் குறைந்ததும் விரல் நீளம்கூட இல்லாத ஸ்பிரிங்குகள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அறுபது வருடம் சூட்டில் வெந்த ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கழற்றி, சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சுருள்கள் ஒட்டி நிற்க வேண்டிய ஸ்பிரிங்கில் இடைவெளி விழுந்திருந்தால் அது தூக்கிப்போட வேண்டியது. மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: டிரம் இல்லாமல் இன்ஜினை ரேஸ் செய்து பார்க்காதீர்கள். விரியும் கட்டைகளுக்கு அணை எதுவும் இல்லாததால் அவை தெறித்து வந்துவிடும்.

ஆனால் ஸ்பிரிங்கை மாற்றியும் சங்கிலி ஊர்ந்தால்? அப்போதுதான் பலர் தப்பான திசையில் போகிறார்கள். ஐடில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம், அதற்கான ஸ்க்ரூவைத் திருகித் திருகிக் குறைக்கிறார்கள். இன்ஜின் அணைந்துவிடும், மறுபடி கூட்டுவார்கள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் மேலேயே தொங்கினால், எங்கோ காற்று உள்ளே போகிறது என்று பொருள். பழைய ரம்பத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்க் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும் ஆயில் சீல்களை. ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. அந்த இடுக்கு வழியாக வரும் காற்று கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைக்கிறது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால் இரண்டும் சேர்ந்தே குறையும். அப்போது இன்ஜின் வழக்கத்தைவிட வேகமாக, கூர்மையாகக் கத்தும். "சூப்பரா ஓடுது" என்று அசந்து நிற்கும்போதே பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி சீஸ் ஆகிவிடும். இன்றைக்குக் கிடைக்காத பிஸ்டனை அப்படி ஒரே நாளில் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். கார்புரேட்டர் பக்கத்தையும் சைலன்சர் பக்கத்தையும் ரப்பர் துண்டு வைத்து அடைத்து, கைப்பம்பால் அரை பார் அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி, சீல் பக்கம் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். அதோடு விடாதீர்கள். அடுத்து காற்றை உறிஞ்சி வெற்றிடத்திலும் சோதியுங்கள். அழுத்தத்தைத் தாங்கும் சீல்கூட உறிஞ்சும்போது விட்டுக்கொடுக்கலாம். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலர் செய்வதில்லை.

சீல் சரியான பிறகே டியூனிங். முழு வேகத்தில், பாரம் இல்லாதபோது இன்ஜின் சத்தம் சற்றுத் தடதடவென்று உடைந்து கேட்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தத் தடதடப்பு மறைந்து சீராக வேண்டும். காதுதான் இங்கே மீட்டர். பெட்ரோல்-ஆயில் கலவை விஷயத்தில் டேங்கில் ஒட்டியிருக்கும் 16:1, 20:1 என்ற விகிதங்கள் அந்தக் கால ஆயிலுக்கானவை. இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் போட்டு நான் 32:1 கலக்கிறேன், அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 155 மில்லி. விகிதத்தை மாற்றினால் கார்புரேட்டரையும் மறுபடி டியூன் செய்தாக வேண்டும்.

பாலிஷ் போடுபவர்களுக்கு ஒன்று. பல ரம்பங்களின் பாடி மெக்னீசியம் கலந்த உலோகம். கிரைண்டரில் பறக்கும் அதன் தூள் தீப்பிடிக்கும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும். பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

அப்புறம், ஓட்டுகிற உடம்பு. சங்கிலி சுற்றி ஓடும் நீளப் பட்டைதான் பார். அதன் மூக்கில் மேல் கால்பாகம் எதன்மீதாவது பட்டால் ரம்பம் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். இதுதான் கிக்பேக். முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் வரை ஓடுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் 2 மீட்டர் சங்கிலி ஓடிவிடும். கையை எடுக்கலாம் என்று மூளை நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் என் பட்டறையில் எழுதாத ஒரு விதி உண்டு: பிரேக் இல்லாத ரம்பம், அசையாமல் கட்டிய கட்டையைத் துண்டு போட மட்டும். மரம் சாய்க்க வேண்டாம், கிளை கழிக்க வேண்டாம், ஏணியில் ஏறவே வேண்டாம். "ஒரிஜினலாக அப்படித்தானே ஓட்டினார்கள்" என்பார்கள். ஓட்டினார்கள்தான், விரல்களையும் காதுகளையும் விலையாகக் கொடுத்தார்கள்.

விரல் என்று சொன்னது அதிர்வை நினைத்து. கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பர் வைத்த ரம்பங்கள் 1960களின் நடுவில்தான் வர ஆரம்பித்தன. அதற்கு முந்தியவை மொத்த அதிர்வையும் உள்ளங்கையில் இறக்கும். தொடர்ந்து ஓட்டினால் குளிரில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். 1918இலேயே அமெரிக்க டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் இந்தியானா மாநிலச் சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களிடம் இதே வெளுப்பைக் கண்டு எழுதினார், காற்றில் இயங்கும் சுத்தியல்களால் வந்தது அது. முற்றிய பின் முழுதாகத் திரும்பாது. ஐந்து பத்து நிமிடம் ஓட்டினால் இறக்கி வைத்து கையைச் சூடாக்குங்கள். ராத்திரியில் விரல் ஊசி குத்துவது போல இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

காதுக்கு ஒரு கணக்கு போதும். 85 டெசிபெல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது வழக்கமான அளவு. 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 109 டெசிபெல்லில் மிஞ்சுவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பழைய ரம்பங்கள் சர்வசாதாரணமாக அந்த அளவைத் தொடும்.

நிறுத்தும் சுவிட்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தால் சுவிட்சைத் தட்டினாலும் இன்ஜின் அணையாது. சோக்கை இழுத்து அணைத்துப் பழகிவிடுவார்கள். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்ததும், அறுப்பதற்கு முன், சுவிட்சால் ஒரு தடவை அணைத்துப் பாருங்கள்.

அந்த நண்பரின் ரம்பத்தில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, ஃபிளைவீல் பக்கத்து சீலும் போயிருந்தது. இரண்டையும் மாற்றி, ஐடிலில் விட்டு, கட்டைமேல் சாய்த்து வைத்தேன். அவர் குனிந்து ஒரு பல்லின்மேல் பார்வையை வைத்தபடி இருந்தார். இன்ஜின் தட் தட் என்று ஓடிக்கொண்டிருந்தது. பல் அசையவில்லை. ஒரு நிமிடம் கழித்து அவரே கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினார். அணைந்தது.