கேட்கக் கூச்சப்படும் புதிய பொறியாளர்களுக்கு

பெரிய டெக் கம்பெனியில் புதிதாகச் சேர்பவர், மூன்று நாள் வேலை ஒன்றில் இரண்டு வாரம் மாட்டிக்கொள்கிறார். தினமும் டீம் சேர்ந்து நிலவரம் சொல்லும் ஸ்டாண்டப்பில் "போயிட்டிருக்கு" என்கிறார். கடைசியில் வெள்ளிக்கிழமை மாலை, 1,800 வரி கோட் மாற்றத்தை ஒரே ரிவ்யூவாக (சக பொறியாளர் சரிபார்க்க) அனுப்புகிறார். வருடா வருடம் இதேதான். இந்த முறை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இதற்கெல்லாம் வேர் ஒரே எண்ணம்: "இத்தனை ரவுண்டு இன்டர்வியூ தாண்டி வந்துவிட்டு இதைப் போய்க் கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்கள்."

நினைக்க மாட்டார்கள். இன்டர்வியூவுக்காக நீங்கள் படித்த ட்ரீ, கிராஃப், டைனமிக் புரோகிராமிங் எதிலும் நீங்கள் மாட்டவில்லை. அந்தக் கம்பெனி தனக்கென்று கட்டிக்கொண்ட கருவிகளில் மாட்டியிருக்கிறீர்கள். எழுதிய கோட்-ஐ ஓடும் புரோகிராமாக மாற்றும் பில்ட் கருவி கூகுளுக்குள் பிளேஸ் (Blaze), மெட்டாவில் பக் (Buck). அவற்றின் உள் அமைப்பு தரும் எரருக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற பொதுக் கேள்வி-பதில் தளத்தில் பதில் இருக்காது. உள் விக்கியில் இருக்கலாம், ஆனால் அந்தப் பக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பாருங்கள். பாதி நேரம் பழைய கருவிக்கு எழுதியதாக இருக்கும். "டைம்அவுட்" என்று வரும் எரர், சில சமயம் உங்கள் கணக்கை ஓர் அனுமதிக் குழுவில் சேர்க்காததால் வருவது. எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் யோசித்து யோசித்து அனுமதி வாங்க முடியாது. பக்கத்து இருக்கைக்காரருக்கு அது இரண்டு நிமிட வேலை. பதினைந்து வருட அனுபவத்தோடு புது டீமுக்கு வருபவரும் முதல் வாரத்தில் இதே கேள்வியைத்தான் கேட்பார், அதுவும் எல்லோர் முன்னிலையிலும். கூகுளில் எல்3, மெட்டாவில் இ3, அமேசானில் எஸ்டிஇ 1: இவை வழிகாட்டுதலோடு வேலை செய்வதற்கென்றே வைத்த தொடக்கப் படிகள்.

ஒரு மணி நேரம் முயன்றும் நகரவில்லையா, கேளுங்கள். தனி மெசேஜில் வேண்டாம். டீம் சேனலில் கேட்டால் யார் விடுப்பில் இருந்தாலும் பதில் வரும், அடுத்து சேர்பவருக்கும் உதவும். என்ன செய்யப் பார்த்தீர்கள், எந்தக் கமாண்ட், முழு எரர் (ஸ்கிரீன்ஷாட் அல்ல, தேடக்கூடிய எழுத்தாக), எதையெல்லாம் முயன்றீர்கள், இவ்வளவும் முதல் மெசேஜிலேயே இருக்க வேண்டும். "ஹாய், ஒரு டவுட்" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். பதில் சொல்ல வேண்டியவர் கலிபோர்னியாவில் இருந்தால், அங்கே நேரம் நம்மைவிட பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதிமூன்றரை. திங்கள் மாலை அரைகுறையாகக் கேட்டால், செவ்வாய் காலை "எந்த எரர்?" என்ற எதிர்க்கேள்விதான் காத்திருக்கும். உண்மையான பதில் கைக்கு வருவது புதன் காலை.

அந்த 1,800 வரி விஷயம். கூகுள் வெளியிட்டிருக்கும் ரிவ்யூ வழிகாட்டியே 100 வரி நியாயம், 1,000 வரி பொதுவாக மிகப் பெரிது என்கிறது. பெரிய மாற்றத்தைத் திறந்ததும் ரிவ்யூ செய்பவர் "நாளைக்குப் பார்ப்போம்" என்று மூடிவிடுவார், அல்லது மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். இரண்டாவதுதான் ஆபத்து. அதனால் பிரித்து அனுப்புங்கள்: பழைய கோட்-ஐச் சீரமைப்பது ஒரு மாற்றம், புது வசதி இன்னொன்று. டெஸ்ட், அது சோதிக்கும் கோடோடு சேர்ந்தே வரட்டும். இன்னும் எழுதி முடியாத வசதியை ஃபிளாக்குக்கு (ஆன்/ஆஃப் சுவிட்ச் போன்றது) பின்னால் அணைத்து வையுங்கள்.

ஆன்-கால் (கோளாறு வந்தால் உடனே கவனிக்கும் முறை) வந்தால்: முதலில் ரோல்பேக் (முந்தைய பதிப்புக்குத் திருப்புவது), காரணம் அப்புறம். வெள்ளி மாலை, பயனர்கள் உபயோகிக்கும் அமைப்பான புரொடக்‌ஷனைத் தொடாதீர்கள்.

டீம் லீடுகளே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இரண்டு நாள் தொடர்ந்து "போயிட்டிருக்கு" என்று காதில் விழுந்தால், ஸ்டாண்டப் முடிந்ததும் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். "எங்கே நிற்கிறது, காட்டு" என்று கேளுங்கள்.