வீட்டு வேலை நடக்கும்போது கரண்ட் யார் பொறுப்பு?

மாடி எடுக்கிறோம், டைல்ஸ் மாற்றுகிறோம் என்று ஆரம்பித்ததும் மேஸ்திரி முதலில் கேட்பது தண்ணீரும் கரண்டும்தான். நாமும் ஜன்னல் வழியாக ஒரு வயரை நீட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் மின்வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது, அதற்கு அப்புறம் உள்ள வயரிங்குக்கு இணைப்பு வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இருக்கும் வீட்டில் 2000 சதுர அடி வரை கூடுதலாகக் கட்ட பழைய இணைப்பே போதும். அதைத் தாண்டினாலோ காலி மனையில் கட்டினாலோ தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும், யூனிட் விலை அதிகம்தான், அதற்காகப் பக்கத்து வீட்டிலிருந்து இழுக்காதீர்கள்.

உயிரைக் காப்பது ஆர்சிடி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி. எம்சிபி (லோடு அதிகமானால் தானாக விழுந்து ஆஃப் ஆகும் சுவிட்ச்) இருக்கிறதே என்பார்கள். அது வயர் எரியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். 10 ஆம்பியர் எம்சிபி விழுவதற்குத் தேவையான கரண்டில் சிறு பங்கு உடம்பில் பாய்ந்தாலே ஆள் போய்விடுவார். 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி அந்தச் சின்னக் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும். புது இணைப்புக்கு இது கட்டாயம், பழைய வீட்டில் இல்லையென்றால் கட்டர் மெஷின் உள்ளே வருவதற்கு முன் லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துப் போட்டுவிடுங்கள், டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்றும் பாருங்கள். ஏற்காட்டில் மழையும் பனியுமாகத் தரை காயாமலே கிடக்கும் நாட்களில் இதில் சமரசமே கூடாது. பிளக் இல்லாமல் வெறும் வயரைக் குச்சி வைத்துச் சொருகும் பழக்கத்தையும் சைட்டில் அனுமதிக்காதீர்கள்.

அப்புறம் மேலே போகும் மின்கம்பி. சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துச் சந்துகளில் நீளமான முறுக்குக் கம்பியை மாடிக்குத் தூக்கும்போதுதான் ஆபத்து. சாதாரணத் தெரு லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மொட்டைமாடிக்கு மேல் 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கேவி (11,000 வோல்ட்) லைன் என்றால் மேலே 3.7 மீட்டர். லைனுக்குப் பக்கத்தில் சாரம் கட்டுவதற்கு முன்பே மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி, யாரும் செய்வதில்லை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

வேலைக்கு வருகிறவர்களிடம் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். 18 முதல் 60 வயதுக்குள் இருக்கும் கொத்தனார், சித்தாள், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் இலவசமாகப் பதியலாம். பதியாதவர் சைட்டில் விபத்தில் இறந்தாலும் குடும்பம் உதவித்தொகை கேட்கலாம். ஆனால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும்; போலீசுக்குப் போகாமல் கையில் ஏதோ கொடுத்துப் பேசி முடித்தால் அந்தப் பணமும் போய்விடும்.