சாண எரிவாயு மானியம்: கலன் கட்டும் முன் மாட்டை எண்ணுங்கள்

ஈரோட்டுப் பக்கம் எங்கள் பெரியப்பா தோட்டத்தில், கட்டுத்தறிக்குப் பின்னால் ஒரு சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. ஊரில் கோபர் கேஸ் என்றால்தான் தெரியும். நிலத்துக்குள் செங்கல் வைத்துக் கட்டிய குவிமாடம், மேலே மண் மூடியிருக்கும். இப்போது அந்த மண்ணில் பூசணிக்கொடி ஓடுகிறது. சாணம் கரைக்கும் தொட்டியில் கோழி முட்டையிடுகிறது.

"கேஸ் வர்றதில்லீங்களா பெரியப்பா?" என்று போன பொங்கலுக்குக் கேட்டேன்.

"அஞ்சாறு மாடு இருந்தப்பக் கட்டுனது. இப்ப இருக்கிறது ரெண்டு. சாணியில்லாம கேஸ் எங்கிருந்து கண்ணு வரும்?"

மானிய விதிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பதில்தான். விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, உங்கள் கட்டுத்தறியில் காலையில் எத்தனை கிலோ சாணம் அள்ளுகிறீர்கள் என்பது.

சரி, திட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் வீட்டுச் சாண எரிவாயுவுக்கு மானியம் என்பது புதிதல்ல. 1981-82இல் தேசியத் திட்டமாகத் தொடங்கி, பெயர் மாறி மாறி வந்து, இதுவரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கலன்கள் கட்டப்பட்டிருக்கின்றன. இப்போது அது தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தின் ஒரு பகுதி. மத்திய அரசின் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் 2022 நவம்பர் 2ஆம் தேதி இதை அறிவித்தது. காலம் 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை. மொத்த மதிப்பீடு 1,715 கோடி ரூபாய், அதில் முதல் கட்டத்துக்கு 858 கோடி. நகர, தொழிற்சாலைக் கழிவிலிருந்து ஆற்றல் எடுப்பதற்கு 600 கோடி, வேளாண் கழிவைக் கட்டிகளாக்கி எரிபொருளாக்குவது போன்றவற்றுக்கு 158 கோடி, கிராமத்து எரிவாயுக் கலன்களுக்கு 100 கோடி என்று அதைப் பிரித்தார்கள். மாடு வைத்திருப்பவர் பங்கு எவ்வளவு என்று இதிலேயே தெரிந்துவிடும்.

வீட்டுக் கலன் என்றால் நாளொன்றுக்கு 1 முதல் 25 கன மீட்டர் வரை வாயு தருவது. அதற்கு மேல் 2,500 கன மீட்டர் வரை உள்ளவை பெரிய பால்பண்ணைகளுக்கானவை. அங்கே மின்சாரம் எடுத்தால் கிலோவாட்டுக்கு 35,000 முதல் 45,000 ரூபாய் வரை என்று வேறு கணக்கு. அதை இங்கே விட்டுவிடலாம்.

வீட்டுக் கலனுக்கு மானியம் இப்படி: 1 கன மீட்டர் கலனுக்கு 9,800 ரூபாய். 2 முதல் 4 கன மீட்டர் வரை 14,350. பட்டியல் சாதி, பழங்குடிப் பயனாளிகளுக்கும் வடகிழக்கு மாநிலத்தவர்க்கும் இதே அளவுகளுக்கு முறையே 17,000, 22,000. அளவு கூடக் கூடத் தொகை ஏறி, 20-25 கன மீட்டரில் பொதுப் பிரிவுக்கு 52,800, சிறப்புப் பிரிவுக்கு 70,400 வரை போகும். வீட்டுக் கழிப்பறையையும் கலனோடு இணைத்தால் கூடுதலாக 1,600. (அந்த வாயுவில் காபி போட மாட்டேன் என்பவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. எரியும்போது வித்தியாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் இதில் வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.)

இந்தத் தொகை கட்டுமானச் செலவு முழுவதுக்கும் வராது. செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி, குழி தோண்டும் கூலி எல்லாம் போக மீதியை நீங்கள்தான் போட வேண்டும். அதைவிட முக்கியம், கட்டி முடித்து வாயு எரிவதைப் பார்த்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் கைக்காசு, அப்புறம் மானியம். கையில் இல்லாதவர்கள் வங்கியைக் கேட்கலாம். வீடுகளுக்கான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கடன், ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை, ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைக் கடன் பட்டியலில் இருக்கிறது. கிளை மேலாளருக்கு இது தெரியாதது போல் இருந்தால், 'முன்னுரிமைத் துறை' என்ற சொல்லை மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள்.

இனி அளவுக்கு வருவோம். சறுக்குகிற இடம் இதுதான். ஒரு கிலோ பச்சைச் சாணத்தில் சுமார் 40 லிட்டர் வாயு வரும். அப்படியானால் 1 கன மீட்டருக்கு, அதாவது 1,000 லிட்டருக்கு, தினம் 25 கிலோ சாணம் வேண்டும். நாட்டுமாடு ஒன்று நாளுக்குப் பத்து கிலோ போடும். கலப்பின மாடு பதினைந்தோ அதற்கு மேலோ போடும். ஆனால் மேய்ச்சலுக்குப் போகிற மாடு வழியில் போடுவது உங்கள் கணக்கில் வராது. எனவே 2 கன மீட்டர் கலனுக்கு, கட்டியே வளர்க்கும் கலப்பின மாடு மூன்று நான்கு, நாட்டுமாடு என்றால் ஐந்து இருக்க வேண்டும். ஒரு வாரம் காலையில் சாணத்தை அள்ளித் தராசில் வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். பரவாயில்லை.

சமையல் பக்கம் பார்த்தால், ஒரு ஆளுக்கு நாளுக்குக் கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து பேர் குடும்பத்துக்கு 2 கன மீட்டர் தாராளம். 1 கன மீட்டர் சாண வாயு ஏறக்குறைய 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். 2 கன மீட்டர் கலன் ஒழுங்காக ஓடினால் மாதம் சுமார் 26 கிலோ, அதாவது 14.2 கிலோ சிலிண்டரில் ஒன்றே முக்கால். மானியத் தொகையை விட இந்தக் கணக்குதான் கலனுக்கு உண்மையான வருமானம். கழிவாக வெளியே வரும் கரைசலும் வீணில்லை. சாணத்தில் இருந்த தழைச்சத்து அதிலேயே இருக்கும், களை விதைகள் குறைந்திருக்கும். எங்கள் பக்கத்தில் அதை நேராகத் தென்னைக்கு விடுவார்கள்.

மேலே சொன்ன மானியப் படிகளை இப்போது திரும்பப் பாருங்கள். 2, 3, 4 மூன்றுக்கும் ஒரே தொகைதான். 'கட்டுவதே கட்டுகிறோம், பெரிதாகக் கட்டிவிடலாம்' என்று 4 கன மீட்டருக்குப் போனால் கூடுகிற செலவு முழுக்க உங்கள் பாக்கெட்டிலிருந்து. இன்னொரு பக்கம், இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு 1 கன மீட்டரே பொருத்தம். ஆனால் 2 கட்டினால் 4,550 ரூபாய் கூட வருமே என்று ஆசை தட்டும். அந்த ஆசையில் கட்டிய கலனுக்குத் தினம் 50 கிலோ தேவைப்பட, 20 கிலோதான் கிடைக்கும். வாயு அழுத்தம் இருக்காது, அடுப்பு விட்டுவிட்டு எரியும், ஆறு மாதத்தில் சிலிண்டருக்கே திரும்பிவிடுவார்கள். மானியம் கலனின் கொள்ளளவைப் பார்த்து வருகிறது, வாயு சாணத்தைப் பார்த்து வருகிறது. திட்டம் எழுதியவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டவில்லை என்பது என் குறை.

பருவநிலைக் கணக்கிலும் இதே ஓட்டைதான். சாண எரிவாயுவில் 55 முதல் 65 சதவீதம் மீத்தேன். அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட நூறாண்டுக் கணக்கில் 28 மடங்கு வரை பூமியைச் சூடாக்கும் வாயு அது. எரித்தால் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். அதுவும் மாடு தின்ற புல் காற்றிலிருந்து எடுத்ததுதான் என்பதால் புதிய சுமை இல்லை. கூடவே விறகு மிச்சம், சிலிண்டர் மிச்சம், அடுப்படியில் புகை இல்லை. இவ்வளவும் எரித்தால்தான். வெயிலில் காய்ந்த வறட்டி அவ்வளவு மீத்தேன் விடாது. காற்றுப் புகாத கலனில் நாமே மீத்தேனை உண்டாக்குகிறோம். குவிமாடத்தில் விரிசல் விட்டுக் கசிந்தாலோ, வாயு மிஞ்சி எரிக்க ஆளில்லாமல் வெளியேறினாலோ, கலன் கட்டாமல் இருந்திருக்கலாம் என்ற நிலைகூட வரும். நல்ல கொத்தனார் இங்கே பருவநிலைக் கொள்கையின் ஒரு பகுதி.

2070க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக இந்தியா 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அறிவித்தது. மீத்தேனைக் குறைப்பதாகப் பல நாடுகள் சேர்ந்து அதே மாநாட்டில் தொடங்கிய உலக மீத்தேன் உறுதிமொழியில் மட்டும் கையெழுத்திடவில்லை. நம் மீத்தேனில் பெரும்பகுதி மாட்டிலிருந்தும் நெல் வயலிலிருந்தும் வருகிறது, அது சிறு விவசாயியின் பிழைப்பு என்பது அரசின் வாதம். அந்த வாதம் சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்லும்போது, விவசாயியின் பிழைப்பைக் கெடுக்காமல் மீத்தேனைப் பிடிக்கிற ஒரே எளிய கருவிக்கு 858இல் 100 கோடிதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் பாகேபள்ளிப் பகுதியில் 5,500 வீட்டுக் கலன்களுக்கான திட்டம் ஒன்று, கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய்மை வளர்ச்சி ஏற்பாட்டில் 2005இல் பதிவானது. உமிழ்வைக் குறைத்ததற்குக் கிடைக்கும் சான்றுதான் கார்பன் வரவு; அதைப் பணக்கார நாடுகளுக்கு விற்ற பணத்தில் கலன் கட்டும் யோசனை. அந்த ஏற்பாட்டில் கட்டிவிட்டோம் என்று சொன்னால் வரவு கிடைக்காது, ஓடுகிற கலன்களைக் கணக்கெடுத்துக் காட்ட வேண்டும். நம் மானியம் கட்டியதற்குப் பணம் தருகிறது, அவர்கள் எரித்ததற்குப் பணம் பெற்றார்கள். எங்கள் பெரியப்பா கலன் அந்தக் கணக்கில் என்றைக்கோ அடிக்கப்பட்டிருக்கும்.

விண்ணப்பம் எப்படி? கலன்களை அமைத்துத் தருவது மாநிலத் துறைகள், காதி கிராமத் தொழில் ஆணையம் போன்ற செயல்படுத்தும் முகமைகள். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரிப்பதிலிருந்து தொடங்கலாம். இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா, திட்டக் காலம் நீட்டிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அங்கேயே முதலில் கேளுங்கள். குழி தோண்டிய பிறகு கேட்காதீர்கள். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறப்புப் பிரிவு என்றால் சாதிச் சான்று கையில் இருக்கட்டும். கலனோடு நீங்கள் நிற்கும் படமும் கேட்பார்கள். கட்டித் தருபவர் ஐந்தாண்டுக்குப் பராமரிப்பு உத்தரவாதம் தர வேண்டும் என்பது திட்டத்தில் உள்ளது. அதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி வாங்குங்கள்.

எந்த மாடல் என்ற கேள்வி வரும். இரும்பு டிரம் மேலே மிதப்பது ஒன்று. வாயு எவ்வளவு இருக்கிறது என்று டிரம் ஏறி இறங்குவதைப் பார்த்தே சொல்லலாம், ஆனால் சில வருஷத்தில் துருப் பிடிக்கும். 1984இல் வந்த தீனபந்து மாடல் முழுக்கச் செங்கல். விலை குறைவு, துருவும் இல்லை, ஆனால் பூச்சு சரியில்லை என்றால் கசியும். வீட்டுச் சிலிண்டர் அடுப்பை அப்படியே இதற்கு மாட்ட முடியாது, துளை பெரிதான தனி அடுப்பு வேண்டும். குழாயில் நீர் தங்கும் இடத்தில் ஒரு வடிகால் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அடுப்பு விக்கும்.

கட்டி முடித்த முதல் நாள்தான் பலருக்கு அதிர்ச்சி. தினம் 50 கிலோ சாணமும் 50 லிட்டர் தண்ணீரும் போடுகிற 2 கன மீட்டர் கலனில் முப்பது நாள் கரைசல் தங்க வேண்டும். அதாவது முதலில் 3,000 லிட்டர் நிரப்ப வேண்டும், அதற்கு ஒன்றரை டன் சாணம். உங்கள் நாலு மாடு இதற்கு ஒரு மாதம் எடுக்கும். கொத்தனார் வேலை செய்கிறபோதே சாணத்தைச் சேர்க்க ஆரம்பியுங்கள், போதாததற்குப் பக்கத்துத் தோட்டத்தில் கேளுங்கள். ஏற்கெனவே ஓடும் கலனிலிருந்து சில குடம் கரைசல் கொண்டுவந்து ஊற்றினால் வாயு சீக்கிரம் பிடிக்கும். முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும், பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. அதற்குப் பிறகு அடுப்பில் நீலமாக எரிந்தால், படம் எடுக்க ஆளைக் கூப்பிடலாம்.