ஒரே சோயா பால், நாத்தனாருக்கு கேட்டுச்சு, இவங்களுக்கு ஏன் கேக்கல?

என்கிட்ட டயட் கேக்க வந்த ஒரு அம்மா, 52 வயசு, மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் ஆச்சு, திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்த்துக் கொட்டுது. "என் நாத்தனாருக்கு சோயா பால் குடிச்சு நல்லா கேட்டுச்சு மேடம், நானும் மூணு மாசமா குடிக்கிறேன், ஒண்ணும் தெரியல"ன்னாங்க. இந்தக் கேள்வி அடிக்கடி வருது, அதான் எழுதுறேன்.

சோயால ஜெனிஸ்டீன், டைட்சீன் மாதிரி ஐசோஃபிளேவோன்கள் இருக்கு, மாதவிடாய் நின்னா குறையுற ஈஸ்ட்ரோஜன்ங்குற பெண் ஹார்மோன் மாதிரி லேசா வேலை செய்யுற பொருட்கள் இது. இதெல்லாம் பெரும்பாலும் ஒரு சர்க்கரையோட ஒட்டித்தான் இருக்கும், அப்படியே குடல் சுவரைத் தாண்டாது. சிறுகுடல்ல இருக்குற லாக்டேஸ் என்சைமும் (பால் சர்க்கரைய உடைக்குதே, அதேதான்) குடல் பாக்டீரியாவும் அந்தச் சர்க்கரைய வெட்டி விட்டாத்தான் உள்ள போகும், போனதும் குடல் சுவரும் கல்லீரலும் அதை தண்ணில கரையுற மாதிரி மாத்திடும், ரத்தத்துல சுத்துறது பெரும்பாலும் அந்த மாத்தின வடிவம்தான். ஒண்ணு ரெண்டு நாள்ல பெரும்பகுதி யூரின்ல போயிடும்.

இப்போ நாத்தனார் விஷயம். டைட்சீனை சிலரோட குடல் பாக்டீரியா ஈக்வால்னு இன்னொரு பொருளா மாத்தும். 1932ல சினைக் குதிரையோட மூத்திரத்துல கண்டுபிடிச்ச பொருள் இது, டைட்சீனை விட ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யுற சக்தி இதுக்கு அதிகம். மேற்கத்திய நாடுகள்ல 100 பேர்ல 25, 30 பேருக்குத்தான் இந்த பாக்டீரியா இருக்கு, ஜப்பான்ல 50, 60 பேருக்கு இருக்கு. நாத்தனாருக்கு இருந்து இவங்களுக்கு இல்லாம இருக்கலாம், அதுக்காக டம்ளரை ரெண்டாக்கினா அந்த பாக்டீரியா வந்துடாது.

ஆம்பளைங்க மீல் மேக்கர் சாப்பிட்டா ஆண்மை குறையும்னு வாட்ஸ்அப்ல சுத்துறதை நம்பாதீங்க, பல ஆய்வுகளை சேர்த்துப் பார்த்ததுல ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையல.

நான் பதறினது வேற விஷயத்துக்கு. பேச்சுவாக்குல அந்தம்மா தைராய்டு மாத்திரைய சோயா பாலோடதான் முழுங்குறேன்னு சொன்னாங்க. சோயா அந்த மாத்திரை குடல்ல ஏறுறதைத் தடுக்கும்ங்க! மாத்திரை வெறும் வயித்துல தண்ணியோட, சோயாவுக்கும் அதுக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேணும். சோயா பாலை சாயங்காலத்துக்கு மாத்தச் சொல்லி, 6 வாரம் கழிச்சு டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாத்துட்டு ரிப்போர்ட்டோட அவங்க டாக்டரைப் பாக்கச் சொல்லி அனுப்பினேன்.