கருக்கலில் மரை பார்க்க எந்தப் பைனாகுலர்?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "விடியும் முன்னமே ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் மரைக் கூட்டம் பார்க்க ஆசை. கையில் காசு குறைவு. 20×50 பைனாகுலர் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி. அதே காசுக்கு 8×42 தேடுங்கள்.

முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம். மில்லிமீற்றரில். சரி, இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். 8×42க்கு 5.25 வரும், 20×50க்கு 2.5. இந்த எண்ணைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைனாகுலரை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சமான வானத்துக்குத் திருப்புங்கள். கண் வைக்கும் வில்லையில் சின்னதாய் ஒரு வெளிச்ச வட்டம் மிதக்கும். அது முன்வில்லையின் குட்டி உருவம். முன்னால் வாங்கிய ஒளி முழுக்க அந்த வட்டத்துக்குள் ஒடுங்கித்தான் வெளியே வருகிறது. அடிமட்டம் வைத்து அளந்தால் வகுத்து வந்த விடையே கிடைக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

வெயிலில் நம் கண்மணி 2, 3 மில்லிமீற்றர்தான், அப்போது இரண்டு கருவியிலும் வெளிச்சம் குறையாது. கருக்கலில் கண்மணி விரியும். இள வயதில் நல்ல இருட்டில் 7 வரைகூடப் போகும். அப்படி விரிந்த கண்ணுக்குள் 2.5 மில்லிமீற்றர் கற்றை மட்டும் நுழைந்தால், மரை பெரிதாகத்தான் தெரியும், ஆனால் வெறும் கறுப்புத் திட்டாக. கை நடுக்கமும் 20 மடங்காகும், மலைக்காற்றில் கேட்கவே வேண்டாம். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் துப்பாக்கியில் பூட்டும் ஸ்கோப்புக்கும் இதே கணக்குத்தான். 3-9×40 என்றால் பெருக்கத்தை 3 முதல் 9 வரை மாற்றலாம், 9 மடங்கில் வட்டம் 4.4 மில்லிமீற்றர். பொழுது சாய்ந்ததும் அவர்கள் பெருக்கத்தைக் குறைப்பது இதற்காகத்தான்.

கடையில் அந்த வட்டத்தின் ஓரத்தையும் பாருங்கள். உள்ளே தலைகீழ் உருவத்தை நிமிர்த்த அரியங்கள், அதாவது பட்டை தீட்டிய கண்ணாடிக் கட்டிகள், இருக்கின்றன. ஒளி அவற்றின் உட்சுவரில் பட்டு முழுதாய்த் திரும்ப வேண்டும், இதுதான் முழுவுட்டெறிப்பு. அதற்கு ஒளி போதிய சாய்வில் பட வேண்டும், அந்தச் சாய்வின் எல்லைதான் அவதிக் கோணம். முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) 1.52 உள்ள மலிவுக் கண்ணாடி என்றால், சாய்ந்து வரும் ஓரக் கதிர்கள் அவதிக் கோணத்தைத் தாண்டாமல் கசிந்துவிடும். வட்டம் நாலு பக்கமும் சாம்பல் பூத்து, சதுரம்போல் தெரியும். 1.57 உள்ள கண்ணாடியில் முழுவுட்டெறிப்பு ஓரம் வரை நடக்கும், வட்டம் வட்டமாகவே இருக்கும். விலை குறைந்தவற்றில், நேர்க்குழாய் வடிவத்தைவிடத் தோள் அகன்ற பழைய வடிவமே நல்லது. அதன் அரியங்களைத் துல்லியமாகச் செய்வது சுலபம்.

அரியத்தைக் கையில் தொடாமலே முழுவுட்டெறிப்பை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் நம் தோட்டப் பாடசாலைகளில் இருக்கிறார்கள். கட்டடத் திறப்பு விழாவுக்குச் செலவாகும் காசில் கொஞ்சம் எடுத்து ஆளுக்கொரு அரியம் கொடுத்தால் என்ன?

அப்புறம், வாங்கியதும் பூஞ்சணத்துக்குப் பயப்படுங்கள். நம் மலை ஈரத்தில் அது வில்லைக்குள் சிலந்திவலைபோல் படரும். மூடுபனியில் நனைந்து வந்தால் உடனே உறையில் போடாமல் காற்றாட வையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு மூடுங்கள்.