சைக்கிளில் பாரம்: கேரியரா, பெட்டியா, இழுவண்டியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் சைக்கிள் கடைக்கு அடிக்கடி வரும் கோரிக்கை இது: "அண்ணே, கேரியரைப் பின்னால ஒரு முழம் நீட்டி வெல்டிங் அடிச்சுக் கொடுங்க." நான் அடித்துத் தருவதில்லை.

பின்சக்கர ஆக்சிலுக்குப் பின்னால் பாரம் போகப் போக முன்சக்கரம் லேசாகிவிடும். தோட்டத்து மேட்டில் ஏறும்போது ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. கேரியரைத் தாங்கும் பின்பக்கக் குழாயும் மெல்லிய தகடுதான். வெல்டிங் சூட்டில் இன்னும் பலவீனமாகும். ஒட்டிய இடத்தை ஒட்டி, பெயின்டில் முடி மாதிரி ஒரு துருக்கோடு தெரிந்தால் அங்கே விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். சாதாரண கேரியர்கள் பலவற்றில் 25 கிலோ என்றுதான் அச்சடித்திருப்பார்கள். 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்), இரும்பின் எடையும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும்.

நீட்டத்தான் வேண்டும் என்றால், சட்டத்தையே நீட்டிப் பின்சக்கரத்தைத் தள்ளி வைத்த நீள சைக்கிள் வாங்குங்கள். அதில் பாரம் ஆக்சிலுக்கு முன்னால் வந்துவிடும். செலவு அதிகம்தான். அவ்வளவு முடியாதவர்களுக்கு அந்தக் காலத்துப் பால் வாளி முறையே போதும்: இரண்டு பக்கமும் தாழ்வாக, சம எடையாகத் தொங்கவிடுவது. இறக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் சைக்கிள் சாய்ந்துவிடும், அது ஒன்றுதான் கவனம்.

முன்பக்கப் பெட்டி டவுன் ரோட்டுக்குச் சரி. செம்மண் குழியில் திருப்புவது பெரும்பாடு.

உண்மையிலேயே கனமான சாமானுக்கு, சைக்கிளுக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் இழுவண்டிதான் (டிரெய்லர்) என் தேர்வு. எடை அதன் சொந்தச் சக்கரங்களில் இறங்குவதால் சைக்கிள் பிழைக்கும். கொக்கியை சீட்டுக் கம்பியில் மாட்டாமல் பின் ஆக்சில் பக்கத்தில் தாழ்வாக மாட்டுங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுந்துகிற மாதிரி, சாமானைக் கொஞ்சம் முன்தள்ளி அடுக்க வேண்டும். பின்னால் குவித்தால் வண்டி ஆடும். இரண்டு சக்கர இழுவண்டி வளைவில் ஒரு பள்ளத்தில் இறங்கினாலே கவிழும். ஒற்றைச் சக்கரம் மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய பாதையில் நன்றாகப் போகும், ஆனால் அதன் ஆட்டம் முழுவதும் ஓட்டுகிறவர் இடுப்பில்தான்.

வியட்நாமில் 1954இல் தியன் பியன் பூ போருக்கு 200 கிலோவுக்கு மேல் ஏற்றிப் போன சைக்கிள் படத்தைச் சிலர் போனில் காட்டுவார்கள். சரி, நல்ல படம். ஆனால் அதில் யாரும் ஏறி மிதிக்கவில்லை; ஹேண்டிலில் மூங்கில் கட்டித் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். இறக்கத்தில் நீங்களும் அப்படியே இறங்கித் தள்ளுங்கள், ஏனென்றால் இழுவண்டி பின்னாலிருந்து உங்களை முட்டித் தள்ளும்.

எந்த முறையானாலும் பிரேக்கைப் பார்க்காமல் பாரம் ஏற்றாதீர்கள். பழைய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம்முக்கு மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியும். அப்படியே பின்சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிப் பாருங்கள். சங்கிலி இருக்கும் பக்கத்துக் கம்பிகள்தான் அதிக இழுவிசையில் இருக்கும், பெரும்பாலும் முதலில் அறுவதும் அவைதான். அதே பக்கத்தில் உள்ள மற்றக் கம்பிகள் போல் ஒலிக்காமல் ஏதாவது ஒன்று 'தொப்' என்றால் அன்றைக்குப் பாரம் வேண்டாம், முதலில் கடைக்குக் கொண்டுவாருங்கள்.