நறுக்கென்ற ஆப்பிளும் மாவு ஆப்பிளும்

ஒரே நிறமும் ஒரே எடையும் கொண்ட இரண்டு ஆப்பிள்களை வாங்கி வந்து கடித்தால், ஒன்று நறுக்கென்று உடைந்து சாறு தெறிக்கும். மற்றொன்று வாயில் மாவாக உதிர்ந்து தொண்டையை அடைக்கும். இரண்டாவது பழத்தில் சாறு வற்றிவிட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதிலும் ஏறக்குறைய அதே அளவு நீர் இருக்கக்கூடும். அந்த நீரை அடைத்து வைத்திருக்கும் செல்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

ஆப்பிளின் எடையில் சுமார் 85 விழுக்காடு நீர்; அதன் கன அளவில் நான்கில் ஒரு பங்கு வரை செல்களின் இடைவெளிகளில் தங்கிய காற்று. ஆப்பிள் தண்ணீரில் மிதப்பது இந்தக் காற்றினால்தான். நல்ல பதத்தில் உள்ள பழத்தில் ஒவ்வொரு செல்லும் நீரால் விம்மியிருக்க, செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்தைப் போலப் பெக்டின் என்னும் பொருள் அவற்றைப் பிணைத்திருக்கிறது. பிணைப்பு உறுதியாக இருப்பதால், பல் அழுந்தும்போது செல்களின் சுவர்களே பிளந்து உள்ளிருந்த சாறு நாவில் பாய்கிறது. பழம் மிக முதிர்ந்துவிட்டால் நொதிகள் பெக்டினைக் கரைத்துவிடுகின்றன. அப்போது செல்கள் உடையாமல் முழுசாகவே தனித்தனியே பிரிந்து வருவதால், சாறு உள்ளேயே அடைபட்டுக் கிடக்க, நாவுக்கு வறண்ட துகள்கள் மட்டுமே தட்டுப்படுகின்றன.

நாம் உண்ணும் ஆப்பிளின் முதன்மையான மூதாதை மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைச்சரிவுகளில் இன்றும் காடாக வளர்கிறது. 1929இல் கஜகஸ்தானின் அல்மாட்டி நகரையொட்டிய அந்தக் காடுகளைப் பார்வையிட்ட ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ், ஆப்பிளின் தாயகம் இதுவே என்று கருதினார்; 2010இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வும் அந்த முடிவுக்கு வலுச்சேர்த்தது. அங்கிருந்து பட்டுப்பாதை வணிகர்களோடு மேற்கே சென்ற ஆப்பிள், ஐரோப்பாவின் புளிப்பான காட்டு ஆப்பிளோடும் கலந்தது.

ஆனால் நல்ல பழத்தின் விதையை ஊன்றினால் அதே பழம் கிடைப்பதில்லை. பெரும்பாலான ஆப்பிள் மரங்கள் தம் மகரந்தத்தால் தாமே கருவுறாமல் வேறொரு வகையின் மகரந்தத்தை ஏற்பதால், ஒவ்வொரு விதையும் புதியதொரு கலவையாகிவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை சிறியதும் புளித்ததுமான காய்களையே தரும். ஆகவே, தற்செயலாக முளைத்த அருமையான ஒரு மரத்தைக் காக்க ஒட்டுக்கட்டுவது ஒன்றே வழியாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் சிட்னி அருகே மரியா ஆன் ஸ்மித் என்பவரின் தோட்டத்தில் தானாக முளைத்த ஒரு கன்றிலிருந்தே உலகிலுள்ள, பச்சை நிறப் பழம் தரும் கிரானி ஸ்மித் வகை மரங்கள் அனைத்தும் வந்தன. இமாச்சலத்தின் கோட்கரில் குடியேறிய அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916இல் அமெரிக்காவிலிருந்து கன்றுகளைத் தருவித்து நட்டதும் இத்தகைய ஒட்டுவகையைத்தான்.

பறித்த பின்னும் ஆப்பிள் சுவாசிக்கிறது. எத்திலீன் வாயுவை வெளியிட்டுத் தன்னையும் அருகிலுள்ள பழங்களையும் முதிரச் செய்கிறது. 1920களில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிட், வெஸ்ட் என்னும் இரு ஆய்வாளர்கள், குளிரோடு ஆக்ஸிஜனைக் குறைத்துக் கார்பன் டை ஆக்ஸைடைக் கூட்டினால் இந்த முதிர்ச்சி தாமதமாவதைக் காட்டினார்கள். அம்முறையில் வளர்ந்த கிடங்குகளில்தான் இன்று ஆப்பிள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. கிடங்கில் கிடைத்த இந்தப் பாதுகாப்பு வீட்டுக் கூடையில் கிடையாது. அதுவும் வாழைப்பழத்தோடு வைத்தால் எத்திலீன் இருபுறமும் வேலை செய்யும். குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டே ஆப்பிளுக்கு ஏற்ற இடம்.

நறுக்கென்ற ஓசைக்குக் காரணமான அதே செல்சுவர்களும் பெக்டினும்தான் உடலுக்கு நார்ச்சத்தாகின்றன. தோலோடு உண்ணும் நடுத்தர ஆப்பிள் ஒன்றில் நான்கு கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து உண்டு. 1977இல் பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையில் பத்துப் பேருக்கு முழு ஆப்பிளையும், மசித்த ஆப்பிளையும், நார் நீக்கிய சாற்றையும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்தார்கள். மூன்றிலும் சர்க்கரையின் அளவு ஒன்றே. இருந்தும் சாற்றைக் குடித்தபோது இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, பின்னர் இரத்தச் சர்க்கரை சட்டென்று கீழிறங்கியது. முழுப்பழம் தின்றபோது அப்படி நேரவில்லை, வயிறும் நிறைவாக இருந்தது. ஆப்பிளைச் சாறாக்கிக் குடிப்பது, என் பார்வையில், அதன் பெரும்பயனை வடிகட்டிக் கொட்டிவிட்டு இனிப்பை மட்டும் வைத்துக்கொள்வதாகும். தோலைச் சீவுவதும் ஓரளவு அப்படித்தான். குவெர்செட்டின் என்னும் தாவரப்பொருள் பெரிதும் தோலில்தான் இருக்கிறது.

தினம் ஓர் ஆப்பிள் தின்றால் மருத்துவரே வேண்டாம் என்ற பேச்சை 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, மருத்துவரை நாடுவதில் தினம் ஆப்பிள் உண்போர், உண்ணாதோர் என்னும் இரு தரப்பாரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆப்பிள் உண்டோர் மருந்துகளைச் சற்றுக் குறைவாகப் பயன்படுத்தினர் என்பது மட்டுமே தெரிந்தது. வைட்டமின் சி-யை நாடுவோருக்கோ ஆப்பிள் ஏமாற்றமே தரும். நூறு கிராமில் ஐந்து மில்லிகிராம்கூட இல்லை. கொய்யாவில் அது பல மடங்கு அதிகம்.